உடையாத டெரெய்லர்

செவ்வாய், இரவு.

மாகறல் சாலையில் இன்று சைக்கிளோடு வலப்பக்கமாக விழுந்தேன். பின்சக்கரத்தில் கியர் மாற்றும் என் பழைய இரும்பு டெரெய்லரில் கீறல்கூட இல்லை. அதை மாட்டியிருந்த இடத்தில் ஃபிரேம்தான் பிளந்துவிட்டது. பற்றவைத்தாலும் நிற்காது என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அண்ணனுடைய டெரெய்லரும் பழசுதான், ஆனால் அலுமினியம். லேசாக இருக்கும், கியர் வழுக்கிக்கொண்டு மாறும். போன வருஷம் அவர் விழுந்தபோது அது இரண்டாக உடைந்தது; ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. எது அதிக நாள் உழைக்கும் என்று எங்களுக்குள் ஓயாத வழக்கு. அவருடையது உடைந்த அன்று நான் சிரித்தேன். அவர் வேறொன்றை மாட்டி, அதே சைக்கிளை இன்னும் ஓட்டுகிறார்.

மாலை வந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"உன்னுது ஒடையாதுன்னு சொல்லிக்கினே இருந்த. ஒடையலபா."

தன் சைக்கிளை எனக்கு விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இரும்பு டெரெய்லரைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். மாட்டத்தான் என் சைக்கிள் இல்லை.