கல் வாரேன், வாப்பா

என் உயிரான வாப்பாவுக்கு, உங்கள் மகன் சாதிக்கின் ஸலாம்.

நீங்கள் போய் பத்து மாதம் ஆகிவிட்டது. தாராவி வீட்டில் உம்மா சுகம். கோபர்கைரனேயில் நானும் பர்வீனும் உங்கள் பேத்தி ஜாஸ்மினும் சுகம். நீங்கள் பை தைத்த கார்கானாவை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கீழே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்காவிட்டால் உம்மாவுக்குப் பகல் தூக்கம் வராதாம். அதைச் சொல்லித்தான் எங்களோடு வந்து இருக்க மாட்டேன் என்கிறார்.

எனக்கு இன்னமும் அதே வேலைதான். வடாலாவில் அதே ஆபீஸ், அதே வெள்ளைப் பலகை. திங்கள்கிழமைதோறும் விற்பனைக்குப் போகிற ஆட்களை உட்காரவைத்து, நேரத்தை எப்படிக் கையாள்வது, நினைத்ததை எப்படிச் சாதிப்பது என்று பேசுகிறேன். ‘நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவன் வாழ்க்கையையே தள்ளிப்போடுகிறான்’ என்று பலகையில் எழுதினால் எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம். இது உங்களுக்குத் தெரியாதா என்ன?

என் நோட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? காலை ஐந்து மணிக்கு எழுந்து, பச்சைத்தண்ணீரில் குளித்து, அன்றைக்குச் செய்ய வேண்டிய பத்து காரியங்களை எழுதிவைப்பேனே, அதுதான். ஒரு பெருநாள் அன்று அதை எடுத்துப் புரட்டினீர்கள்.

“இதுல நான் எத்தனாவது நம்பர்ல வாரேன்லே?”

ஏழாவதாகக் ‘குடும்பம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் காட்டினேன்.

“அப்பம் இது ரேஷன் கடை க்யூதான். முன்னால ஆறு பேரு வாங்கிட்டுப் போன பொறவு சாமான் மிஞ்சுனா நமக்குக் கிடைக்கும்” என்றீர்கள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது, சாயங்காலம் வடாலா ஸ்டேஷனில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்வேன். அங்கிருந்து தாராவிக்கு பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் நான் ஏறுவது எங்கள் வீட்டுப் பக்கம் போகிற வாஷி ரயில். “இன்னைக்கும் வரலியாலே?” என்பீர்கள். “கல் வாரேன் வாப்பா” என்பேன்.

பம்பாயில் பிறந்த எங்கள் நாக்கு அப்படித்தான். தமிழ் பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘நாளைக்கு’ என்று சொல்ல வாய் வராது. நீங்களும் விடமாட்டீர்கள். “இந்திக்காரனுக்கு நேத்தும் கல்லு, நாளைக்கும் கல்லு. நீ எந்தக் கல்லைச் சொல்லுத? நம்ம பாசையில கல்லுன்னா இருந்த எடத்த விட்டு அசையாதுலே.” ரயில் வந்துவிட்டது என்று சொல்லி நான் போனை வைத்துவிடுவேன். மறுநாள் போன் செய்ய மாட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் என்ன முகத்தோடு பேசுவது? இரண்டு நாள் கழித்து மறுபடி அதே ஸ்டேஷன், அதே பேச்சு.

கடைசியாகப் பேசிய அன்று நீங்கள் கேலி செய்யவில்லை. “சரி வாப்பா, கூட்டமா இருக்கும், பாத்து ஏறு” என்றீர்கள். ஆசை மிகும்போது என்னையும் வாப்பா என்றுதானே கூப்பிடுவீர்கள். மறுநாள் விடியற்காலையில் சுபுஹு தொழ எழுந்தவர் அப்படியே பாயில் சாய்ந்துவிட்டீர்கள். செய்தி கேட்டு ஓடிவந்தேன். கல் வாரேன் என்று சொல்லி, சொன்னபடி மறுநாளே நான் வந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

இப்போது உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு மூன்று தடவை நாள் குறித்தோம், மூன்று தடவையும் என்னால்தான் தள்ளிப்போனது. நாலாவதாக இந்த வெள்ளிக்கிழமை என்று முடிவானது. போன வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேல்பதவிக்கு என்னைப் பார்க்கத் தலைமை ஆபீசிலிருந்து அதே வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்கள் என்றார். பதினொரு வருஷமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி அது.

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். உம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கெழமை எப்படியும் வரப் பாக்கேன் உம்மா” என்று ஆரம்பித்தேன். உம்மா நிமிர்ந்தார்.

“வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு. பக்கத்து வீட்டு மும்தாஜைக் கூட்டிக்கிட்டு நான் போயிக்கிடுதேன். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா வாப்பாவுக்குச் செஞ்சத எனக்குச் செய்யாத.”

நான் என்ன செய்தேன் என்று கேட்டேன்.

“நீ வாரேன்னு சொல்லாத நாள்ல அவுக பாட்டுக்கு எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துருவாக. நீ கல் வாரேன்னு சொல்லிட்டா, மறுநாள் ஒம்பதரை ஆனாலும் சோத்துல கை வைக்க மாட்டாக. சர்க்கரைக்காரரு, கை நடுங்கும். சாப்பிடுங்கன்னு சொன்னா, ‘புள்ள வாரேன்னு சொல்லிருக்கான், நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்’பாக.”

வாப்பா, இதை ஏன் என்னிடம் ஒரு நாளாவது சொல்லவில்லை? எல்லாவற்றுக்கும் கேலி பேசுகிற வாய்க்கு, பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வராதா? நான் வராததுதான் தப்பு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வேலை, தூரம், கூட்டம் என்று அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். இதற்கு என்ன பதில் வைப்பேன்? உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரே ஒரு சாயங்காலம், உங்களோடு உட்கார்ந்து எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் மேனேஜரிடம் போய், “வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன் சார்” என்றேன். அந்த ஆபீசில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு நாள் தருவார்களா என்று கேட்டதற்கு, “பார்க்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நாற்காலி போனாலும் போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது.

உம்மாவுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்பேன் என்றேன். “சரி, நீ வந்து நின்ன பொறவு நான் துணி மாத்துதேன்” என்றார். நம்பவில்லை.

இனிமேல் வர முடிகிற நாளில் வருகிறேன் என்பேன், முடியாத நாளில் முடியாது என்பேன். இதை நோட்டில் எழுதிவைக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் இருந்தபோது வராதவன், இந்தப் பத்து மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆகூட விடாமல் கபரஸ்தானுக்கு வந்து உங்கள் தலைமாட்டில் நின்று துஆ கேட்டுவிட்டுப் போகிறேன். இந்த வெள்ளிக்கிழமை உம்மா கூட இருக்க வேண்டும். நான் வரமாட்டேன், வாப்பா. காத்திருக்காதீர்கள். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

உங்கள் மகன்,
சாதிக்