உன் பங்குச் சோறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வேலை போனதிலிருந்து நீ அரை வயிறும் கால் வயிறுமாகச் சமாளிப்பதை உன் அறைத்தோழி போனில் அம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டாள். அவள் சாப்பாட்டை நீட்டினால் பசியில்லை என்கிறாயாமே. திட்டப் போவதில்லை, பயப்படாதே, முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

அச்சகத்தில் எனக்கு இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மீதி நாள்களில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சமையலறையை எட்டி எட்டிப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில்தான் தெரிந்தது, நீ போய் எட்டு மாதமாகியும் உன் அம்மா மூன்று டம்ளர் அரிசிதான் களைகிறாள், ஆளுக்கு ஒரு டம்ளர் என்ற அந்தப் பழைய அளவு. கேட்டால், கை தானாப் போட்டுடுது, நான் என்ன பண்ண என்கிறாள். இருக்கிற நிலைமையில் இதென்ன மறதி என்று கத்தினேன். இரண்டு நாள் குறைத்தாள், பிறகு பழையபடி மூன்று.

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் வெல்டரை நீ பார்த்ததில்லை. தனி ஆள், வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். பத்து நாளாக மேலே குக்கர் விசில் சத்தம் வரவில்லை என்று அம்மாவுக்குத்தான் தோன்றியிருக்கிறது, எனக்கு எங்கே தோன்றும். அளவு தப்பிப் போச்சு தம்பி, வீணாப் போகாம நீங்கதான் சாப்பிடணும் என்று ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மனிதர் ரோஷக்காரர், ஆனால் வீணாகிற சோறு என்றதும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் அளவு தப்பியது.

நடுவில் நான் புகுந்து கெடுத்தேன். மாடிப்படியில் அவரைப் பார்த்ததும் பெரிய மனிதத் தோரணையில், கூச்சப்படாதீங்க தம்பி, உங்களுக்காகத்தான் அவ கூடுதலா வடிக்கிறா என்று சொல்லித் தொலைத்தேன். அன்று மதியம் அவர் கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அம்மா என்னோடு பேசவில்லை, மூடி வைத்த அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கும் சோறு இறங்கவில்லை. மேலே ஒருவர் பட்டினி கிடப்பது என் வாயால்தானே. மூன்றாம் நாள் அம்மா அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, இது உங்களுக்கு வடிச்சதில்ல தம்பி, தூர தேசத்துல இருக்கிற என் பொண்ணோட பங்கு, குறைச்சுப் போட எனக்கு மனசு வரல, சாப்பிட ஆள் இல்லாம தினம் அதைப் பார்த்துட்டிருக்க முடியல என்று சொல்லி அழுதுவிட்டாள். கதவு திறந்தது. அவரும் அழுதிருந்தார்.

மறுநாள் காலையில் நம் வாசல் கேட்டை வழக்கம்போலத் தூக்கி, பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். கீல் உடைந்து ஒரு வருடமாக அப்படித்தானே திறக்கிறோம். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக, நான் தெருவில் போய் விழாத குறை. மேலேயிருந்து, கை தவறிச் சரியாயிடுச்சு சார், மன்னிச்சுக்கோங்க என்று ஒரு குரல். அம்மா சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இந்த மூன்று நாள் வேலையிலும் நம் வீட்டில் ஒரு தட்டுச் சோறு கூடுதலாக இருந்திருக்கிறது, அதைப் போய் மறதி என்று கத்தியிருக்கிறேன். இப்போது சாப்பிட உட்காரும்போது மனது நிறைவாக இருக்கிறதம்மா. அதனால் சொல்கிறேன், உன் தோழி தட்டை நீட்டினால் வாங்கிச் சாப்பிடு. அவளுக்கும் அளவு தப்பியிருக்கும் என்று வைத்துக்கொள். கேட்டோ கதவோ அங்கேயும் ஏதாவது உடைந்திருக்கும், பதிலுக்கு நீ அதைச் சரிசெய்து கொடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் நல்ல வேலை கிடைத்து, நோய்நொடியில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஊருக்கு வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே தெரியப்படுத்து, மறந்துவிடாதே. உன் பங்குக்கு ஆள் வந்தாகிவிட்டது, இனி நான்கு டம்ளர் போட வேண்டும். இன்றைக்கே போட்டு வைக்கிறேன் என்கிறாள் அம்மா, நான்தான் அவள் கையைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இனி அரிசி அளவில் தலையிடாத
உன் அப்பா