கயிற்றில் ஒரு இழுப்பு

பம்பாய், 9-8-1961

அம்மாவுக்கு சுடலைமுத்து வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் கால்வலி தேவலையா?

துறைமுகத்தில் முக்குளிக்கும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். கட்டணம் அறுபது ரூபாய். ரப்பர் உடுப்பு, காற்றுக் குழாய், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். இடுப்பில் கயிறும் கட்டுவார்கள். மேலிருந்து ஒரு தடவை இழுத்தால் ‘சௌக்கியமா’ என்று அர்த்தம். நாமும் ஒரு தடவை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும்.

நேற்று அடியில் நிற்கும்போது கயிறு இழுபட்டது, பதிலுக்கு இழுத்தேன். மேலே வந்ததும், கயிறு பிடித்திருந்த சுரண்டை செண்பகம் அண்ணாச்சி, “நான் இழுக்கவே இல்லலே, யாருக்குலே பதில் சொன்ன?” என்றார். நீரோட்டமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

குற்றாலத்தில் பலவேசம் அண்ணனை வெள்ளம் கொண்டுபோன அன்று, அவனும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்திருந்த துண்டு பெட்டியில் கிடக்கும். தபாலில் அனுப்புங்கள். படகுக்கு மணி அடித்துவிட்டது.

அன்று அண்ணன் அந்தத் துண்டை ஒரு தடவை இழுத்தான் அம்மா. விளையாட்டென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சுடலைமுத்து