வெண்டிக்காய் நுனியும் நாகமணி மச்சாளின் கூப்பனும்

யூன் 14, சனி

இன்றிலிருந்து எனக்கு அறுபது வயது. பிறந்தநாள் எதுவும் வரவில்லை. மச்சாள் தீர்மானித்துவிட்டா.

மல்வேர்னில் எங்கள் பக்கத்து பிளாசாவின் பார்க்கிங் லொட்டில் சனிக்கிழமைகளில் விவசாயிகள் சந்தை போடுகிறார்கள். அறுபது தாண்டிய, வருமானம் குறைந்த ஆட்கள் அங்கே மரக்கறி, பழம், முட்டை வாங்கக் கிழமைக்குக் கிழமை கூப்பன் கொடுக்கிறார்கள். எங்கடை ஆட்களுக்குக் கொடுக்கிற பொறுப்பு முதியோர் சங்கத்துக்கு. முதியோர் சங்கம் என்றால் குலசிங்கம் அண்ணை. குலசிங்கம் அண்ணை என்றால் ஒரு மேசை, ஒரு குடை, பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் கூப்பன் கட்டு, அதோடு உலகத்தையே வரிசையில் நிற்பாட்டுகிற ஒரு குரல்.

இந்த வருசம் அந்தக் கூப்பன் லிஸ்ற்றில் நாகமணி மச்சாளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. என்ரை மனுசன் தினேஸின் அக்கா. எழுபதை எட்டப்போகிறா, தனிய ஒரு பில்டிங்கில் இருக்கிறா. "நீ கூட்டிக்கொண்டு போ நிஷாந்தி, அப்பிடியே அங்கை வொலன்ரியராயும் நில்" என்று தினேஸ் என்னைத் தானம் பண்ணிவிட்டார். அவருக்குச் சனிக்கிழமை நித்திரை முக்கியம்.

வரிசையில் பின்னால் நின்ற மனிசி மச்சாளைக் கேட்டா: "நீங்களும் கூப்பனுக்கோ?"

மச்சாள் கண் வெட்டவில்லை. "எனக்கென்னத்துக்கு? இது எண்ட தம்பிட பொண்டாட்டி. இவவுக்குத்தான் கூப்பன். நான் துணைக்கு வந்தனான்."

மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தா. "அறுபது எண்டு சொல்ல ஏலாது" என்றா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கழுத்தைப் பாத்தால்தான்" என்றா.

எனக்கு ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று!

யூன் 15

கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தேன். அந்த மனிசி சொன்னது பொய்யில்லை. அதற்காக மச்சாளை மன்னிக்க வேண்டுமா? மாட்டன்.

யூன் 28, சனி

காருக்குள் ஏறினால் மச்சாளுக்கு வாய் திறக்கும். "யாழ்ப்பாணத்தாக்கள் பிரேக் அடிக்கிறதும் கணக்குப் பாத்துத்தான் என்ன புள்ள?" கலியாணம் கட்டி இருபத்தைந்து வருசமாய் நான் அவவுக்கு யாழ்ப்பாணத்தாள்தான். தம்பியை மட்டக்களப்பிலிருந்து நான் மூட்டைக்குள் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தது போல ஒரு பார்வை. உண்மையில் அவர் எனக்கு முன்னமே இங்கே வந்து பீட்சா டிலிவரி செய்துகொண்டிருந்தவர். அதை யார் சொல்லிப் புரியவைக்கிறது?

இன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே அவவின் வீட்டுக்குப் போனேன். பீற்றூட், கேரட், ஸ்ட்ரோபெரி எல்லாவற்றையும் வைக்கவென்று பிரிஜ்ஜைத் திறந்தால், அரைப் பாண், மருந்துப் போத்தல், ஊறுகாய். அவ்வளவுதான். மச்சாளுக்குச் சீனி வருத்தம், மரக்கறியும் பழமும் சாப்பிடாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். மகன் எட்மன்ரனில், தீபாவளிக்குப் போனில் ஒரு பெருவிரல் படம் மட்டும் அனுப்புகிறவன். பென்சனை வாடகை தின்றுவிடுகிறது. இந்தக் கூப்பன் இல்லையென்றால் அந்தப் பிரிஜ்ஜுக்குள் பச்சை நிறத்தில் ஒன்றும் இருக்காது.

மச்சாள் பிரிஜ் கதவை என் முகத்துக்கு முன்னால் சாத்தினா. "என்ன புள்ள, உள்ளுக்குப் படமா ஓடுது?"

பாவம் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். நிப்பாட்டினேன்.

யூலை 12, சனி

வரிசையில் ஒரு அங்கிள் எனக்கு முழங்கால் நோவுக்குத் தைலம் தந்தார். "எங்கடை வயசிலை இது வேணும் பிள்ளை." மச்சாள் பக்கத்தில் நின்று தலையாட்டினா. "பூசு, பூசு."

பூசினேன். சுகமாய்த்தான் இருக்கு. அது வேறை கதை.

ஓகஸ்ட் 2, சனி

சந்தையில் போர் மூண்டுவிட்டது. வெண்டிக்காயால்.

பெரிய வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி, எங்கடை சனத்துக்காகவே வெண்டி போட்டிருக்கிறாள். முதல் அறுவடை போன கிழமைதான் வந்தது. எங்கடை சனம் வெண்டிக்காயைப் பார்த்து வாங்காது, கேட்டு வாங்கும். நுனியைப் பெருவிரலால் தட்டும். "டக்" என்று முறிந்தால் பிஞ்சு, முறியாமல் வளைந்தால் முத்தல். முறிச்சதை வாங்கினால் பரவாயில்லை. முறிச்சுப்போட்டுப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, பிறகு தக்காளிப் பக்கம் போய்விடுகிறார்கள். தொப்பிக்காரி ஒரு பெட்டி நிறைய மூக்கறுந்த வெண்டிக்காயைக் கொண்டுவந்து குலசிங்கம் அண்ணையின் மேசையில் கொட்டினாள்.

அண்ணை குடைக்குக் கீழே எழும்பி நின்றார். "டிசிப்ளின் வேணும்! சங்கத்தின்ரை மானம் போகுது. முறிக்கேக்கை பிடிபடுற ஆளின்ரை கூப்பன் அண்டையோடை சரி. வெயிற்றிங் லிஸ்ற்றிலை எத்தினை பேர் நிக்கினம் தெரியுமோ?"

வரிசை முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

பிறகு என்னைத் தனியக் கூப்பிட்டார். "தங்கச்சி, நீர் எல்லாரோடையும் நிக்கிறனீர். ஆரெண்டு நினைக்கிறீர்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு இருக்கிறதே! "எங்கடை மச்சாளின்ரை கை சும்மா இராது அண்ணை" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஓகஸ்ட் 3

சொன்னது சொன்னதுதான். அவ என்னை அறுபதாக்கினவ. தைலம் பூச வைச்சவ.

நித்திரை வரவில்லை. வெக்கை.

ஓகஸ்ட் 9, சனி

எழுதக் கை வருகுதில்லை. எழுதத்தான் வேணும்.

தொப்பிக்காரியின் கடையில் மச்சாள் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றா. நான் பக்கத்தில், வொலன்ரியர் வெஸ்ற் போட்டுக்கொண்டு, மச்சாளின் கையையே பார்த்துக்கொண்டு. முறிக்கட்டும், கையும் களவுமாய்ப் பிடிப்பம் என்று. அவ ஒன்றையும் முறிக்கவில்லை. வடிவாய்ப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாய் எடுத்துப் பைக்குள் போட்டா.

டக்.

சத்தம் என்ரை கையிலிருந்து வந்தது.

நான் எப்ப எடுத்தன்? எப்ப முறிச்சன்? தெரியாது. அம்மா பழக்கினது, விரல் தன்பாட்டிலை செய்துபோட்டுது. தொப்பிக்காரி "நோ, நோ, நோ!" என்று கத்திக்கொண்டு எங்கள் பக்கம் ஓடிவந்தாள். நான் கையைப் பொத்திக்கொண்டேன். நுனி உள்ளே.

குலசிங்கம் அண்ணை வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. நேரே மச்சாளிடம். "நாகமணி, எனக்கு முதலே தகவல் வந்தது. உம்மடை வீட்டு ஆளே சொன்னவ."

மச்சாள் என்னைப் பார்த்தா. பிறகு பொத்தியிருந்த என் கையைப் பார்த்தா.

இப்ப சொல்லு, இப்ப சொல்லு என்று எனக்குள்ளே ஒருத்தி கத்தினாள். வாய் திறக்கவில்லை. நாள் முழுக்க மூடாத இந்த வாய்!

"ஓம், நான்தான் முறிச்சன்" என்றா மச்சாள். "அதுக்கென்ன இப்ப?" கையிலிருந்த கூப்பனை அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்தா.

காருக்குள் ஏறினா. பிரேக்கைப் பற்றிக்கூட ஏசவில்லை. பில்டிங் வாசலில் இறங்கி, என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினா. "கையத் திற."

திறந்தேன். நுனி வியர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"பிஞ்சுதான்" என்றா. "வாங்கியிருக்கலாம்."

ஓகஸ்ட் 10

போன் எடுத்தேன். "ஏன் மச்சாள் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அந்தாளுக்கு முன்னால நம்மட வீட்டுச் சண்டையப் பிடிக்கேலாது புள்ள. வீட்ட வா, பிடிப்பம்."

போகவில்லை. பயம்.

ஓகஸ்ட் 16, சனி

மச்சாளின் இடம் ஏற்கெனவே போய்விட்டது. ஆருக்கு? கனகசிங்கத்தாருக்கு. குலசிங்கம் அண்ணையின் மனிசியின் தமையன். அடுத்த ஏரியா வோபர்னில் மகளின் வீட்டில் இருக்கிறவர், அந்த வீட்டு வாசலில் கார்கள் வரிசையாய் நிற்கும். "வெயிற்றிங் லிஸ்ற்றிலை அடுத்த ஆள் அவர்தான்" என்கிறார் அண்ணை. கனகசிங்கத்தார் ஒரு சின்னத் தண்ணிப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தண்ணிப்பழத்தால் ஒருவருக்கு எறியலாமா என்று யோசித்தேன். பாரம்.

நானே ஒரு பை மரக்கறி வாங்கிக்கொண்டு மச்சாளிடம் போனேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தா.

"ஆர் தந்த?"

"நான்தான்."

"அப்ப நீயே தின்."

கதவைச் சாத்தினா. பைக்குள்ளிருந்த முட்டைக்கோவாவுக்கும் எனக்கும் ஒரே முகம்.

ஓகஸ்ட் 20

தினேஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா தேத்தண்ணியில் பாண் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவவாம். சீனி ஏறியிருக்குதாம். "உங்களுக்குள்ளை என்னப்பா நடக்குது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லையா? நான் செய்தது ஒன்றுமில்லையா?

ஓகஸ்ட் 23, சனி

முதலில் தொப்பிக்காரியிடம் போனேன். முறித்தது நான்தான் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நீங்கள் எல்லாரும்தான் முறிக்கிறீர்கள் என்றாள். ஒருத்தரையும் துரத்தச் சொல்லவில்லை, "முறிக்க வேண்டாம்" என்று உங்கள் பாஷையில் ஒரு போர்ட் எழுதித் தரத்தான் கேட்டேன் என்றாள். பிறகு குடைக்குக் கீழே இருந்தவரை விரலால் காட்டினாள். அந்த ஆளும்தான், காலமை கடை விரிக்கும்போதே வந்து முறிக்கிறார் என்றாள்.

எனக்கு ஒரு சந்தோசம் வந்தது பார், அப்படி ஒரு கெட்ட சந்தோசம்.

வரிசை முழுக்க நிற்கும்போது மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணை, அண்டைக்கு முறிச்சது நான். மச்சாள் இல்லை."

"தங்கச்சி, உம்மடை வீட்டுப் பிரச்சினையை இஞ்சை கொண்டு வராதையும்."

"அவவிலை கோள் சொன்னதும் நான்தான். அவவின்ரை இடத்தைத் திருப்பிக் குடுங்கோ."

"இடம் குடுத்தாச்சு. முடிஞ்ச கதை."

"அப்ப தொப்பிக்காரியைக் கூப்பிடுறன். ஆர் ஆர் முறிக்கிறதெண்டு அவள் விரல் நீட்டட்டும். குடைக்குக் கீழையிருந்து துவங்கட்டும்."

வரிசையில் நின்றவர்களுக்குத் திடீரென்று தங்கள் சப்பாத்துகள் வடிவாய்த் தெரிந்தன. பின்னாலிருந்து தைலக்கார அங்கிள் மட்டும் பெரிதாய்ச் சிரித்தார். "குலசிங்கம், நீர் முறிக்கேக்கை எனக்கும் ஒண்டு தந்தனீரல்லோ!"

அண்ணையின் முகம் முற்றின கத்தரிக்காய் போலக் கறுத்தது. டப்பாவை மூடினார், திறந்தார், மூடினார். "வெஸ்ற்றைக் கழட்டும்."

கழற்றினேன்.

"இனி நீர் சந்தைக்குள்ளை கால் வைக்கப்படாது."

"மச்சாளின்ரை கூப்பன்?"

"வரச் சொல்லும்."

இடம் பறிபோன கனகசிங்கத்தாரின் கையில் வெறும் பை ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் வந்திருந்தால் இன்னும் நல்ல மனுசியாய் இருந்திருப்பேன். நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஓகஸ்ட் 24

சங்கத்து வட்ஸப்பில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: வெண்டிக்காய்க்காரி. மல்வேர்னில் துவங்கி இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் வோபர்ன் போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் யதுஷா அறைக்கு வந்து, "அம்மா, திஸ் இஸ் சோ எம்பரஸிங், ஒரு காய்க்காக உங்களைச் சந்தையிலை 'பான்' பண்ணிப்போட்டினமாம்?" என்றாள்.

ஓம், காய்க்குத்தான்.

ஓகஸ்ட் 30, சனி

மச்சாளைக் கூட்டிக்கொண்டு போகப் போனேன். வாசலிலேயே நின்று ஏசினா.

"ஆர் உன்னைச் சொல்லச் சொன்ன? நான்தான் முறிச்சன் எண்டு அத்தின பேருக்கு முன்னால சொன்னனான். இப்ப என்னப் பொய்க்காரி ஆக்கிற்றாய். எனக்குக் கூப்பனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

ஏசிக்கொண்டே கதவைப் பூட்டினா. தோளில் இரண்டு வெறும் பை தொங்கினது.

செப்ரெம்பர் 13, சனி

எனக்குச் சந்தைக்குள் தடை. பிளாசா வாசலில் காருக்குள் இருக்கிறேன். போகிற வருகிற சனம் குனிந்து பார்க்குது, மிருகக்காட்சிசாலை மாதிரி. ஒரு மனிசி கையாட்டினா. நானும் ஆட்டினேன்.

மச்சாள் திரும்பி வந்தா. பைகள் இரண்டும் நிறைந்திருந்தன. கேல் கீரை இலை என் காதருகே உரச, பின் சீற்றில் ஏற்றினா. ரத்தச் சீனி இறங்கியிருக்குதாம். அதை எனக்குச் சொல்லவில்லை, தினேஸுக்குப் போனில் சொன்னா, நான் பக்கத்தில் இருக்க.

"ஏ.சி.யக் குறை. பிரேக்கைப் பாத்து அடி."

சிக்னலில் நின்றபோது பைக்குள் கையை விட்டு ஒரு பீச்சஸ் பழத்தை எடுத்து என் மடியில் போட்டா. "இது நசிஞ்சு போச்சு. நீ தின்."

நசிந்ததெல்லாம் எனக்குத்தான், ஓமோம்.

அவவை இறக்கிவிட்டு வீட்டுக்கு முன்னால் காரை நிற்பாட்டிவிட்டு, பழத்தை எடுத்து நசிந்த பக்கத்தைத் தேடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காணவில்லை.

கேட்டால் சண்டை வரும். காருக்குள்ளேயே இருந்து தின்று முடித்தேன்.