இரண்டு பொதியிலும் வெள்ளைப் பூ

1998 மார்ச் 4, புதன்

ஏழு மணிக்கே வெயில். நேற்று அம்மனை ஏமாற்றினேன். ஐம்பதை எட்டும் வயதில், குளித்து, வேட்டி கட்டி, திருநீறும் பூசிக்கொண்டு.

நடந்தது இது. அக்காவின் மகள் தேவகிக்கு என்ன வேலைக்குப் போவதென்று தெரியவில்லை. பரீட்சை முடிவு வந்து மாதக்கணக்கு. வந்தாறுமூலைக் கம்பஸ் கொஞ்சப் புள்ளியில் தவறிப்போயிற்று. மிச்சம் கிடந்தவை:

தாதிப் பயிற்சி. கொழும்பு.
தொண்டர் ஆசிரியை. சம்பளம் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடம், வீட்டுக்குப் பின்வேலி.
பாசிக்குடா ஹோட்டல். கூரை இல்லை, ஆடுகள் மட்டும் தங்குகின்றன.
குவைத். அக்கா: "என்ட பொணத்தத் தாண்டிப் போகட்டும்."

முதல் இரண்டில் வந்து நின்றது. கேட்டால் "தெரியா மாமா" என்பாள். அவளுக்கு எது நல்லதென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அக்கா பூக்கட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார். வெள்ளை என்றால் பள்ளிக்கூடம், சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு பூவையும் வாழையிலையில் பொதிந்து அம்மன் காலடியில் வைக்க வேண்டும். கோயில் கப்புகனார் பூசை செய்து ஒன்றை எடுப்பார்.

"பொதிய மாமாவே கட்டட்டும்" என்றாள் தேவகி. நான் தபால் கந்தோர்க் கிளாக், பார்சல் கட்டிப் பழகிய கை. எல்லாருக்கும் சம்மதம்.

இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையே வைத்துக் கட்டினேன். சிவப்புக்குப் பறித்த செவ்வரத்தம்பூ கிணற்றடியில் கிடந்தது.

கப்புகனார் கண்ணை மூடி, இந்தப் பொதியா அந்தப் பொதியா என்று தடவித் தடவி எடுத்தார். பாவம் மனிதன். வெள்ளை. அக்கா அழுதார். தேவகி கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன், அம்மன் முகத்தைப் பார்க்காமல்.

எடுக்காத பொதியைப் பிரிக்காமல் வாவியில் எறிய வேண்டும். அதுவும் என் பொறுப்பு. கரைக்குப் போய்க் கையை ஓங்கினேன். பக்கத்துச் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தினான். நூல் சுற்றிய உருண்டைப் பொதி, ஓங்கிய கை. அவன் கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? பல்லைக் காட்டிக்கொண்டு பொதியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வெற்றிலை என்று நினைத்திருப்பான்.

முத்திரைப் பசை தீர்ந்துவிட்டது. நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

ஏன் செய்தேன் என்று நானே என்னை விசாரித்தேன். முதல் வாக்குமூலம்: கொழும்பில் லொட்ஜில் தங்கும் தமிழ்ப் பிள்ளைகளை எந்த நேரமும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மாமன் என்ற முறையில் கவலை. கேட்க நன்றாக இருக்கிறது.

இரண்டாவது வாக்குமூலம்: மாதப் பத்திரிகைக்கு நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளை தேவகிதான் படி எடுத்துத் தருகிறாள். என் கையெழுத்தை எனக்கே வாசிக்க முடியாது. படி எடுக்கும்போது சிரிப்பில்லாத இடங்களை வெட்டிவிடுவாள். இரண்டு இடத்தில் தன்னுடையதையும் சேர்ப்பாள். ஊர் பாராட்டுவது அந்த இரண்டையும்தான். அவள் கொழும்புக்குப் போனால் நான் வெறும் கிளாக்.

ஒரு பிள்ளையின் வாழ்க்கையை இதற்காகத் திருப்பினேன். எழுதியதைத் திரும்ப வாசிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி மகேஸ் உடுப்புத் தோய்த்தாள். சட்டைப் பையை மறந்துவிட்டேன்.

"இஞ்சாருங்க. இதென்ன வெள்ளை? எடுத்ததும் வெள்ளை, எடுக்காததும் வெள்ளையா?"

"சிவப்புத்தான். வெளுத்துப் போயிரிக்கும்."

"இருவத்திரெண்டு வரிசமா உங்கட உடுப்புத் தோய்க்கிறன். எது வெளுக்கும் எது வெளுக்காதெண்டு எனக்கா சொல்றீங்க?"

மிச்ச உடுப்பைக் கல்லில் அடித்துத் தோய்த்தாள். கத்தியிருந்தால் நிம்மதி. மத்தியானம் சோறு போட்டுவிட்டு, அக்கா வீட்டைக் காட்டிச் சொன்னாள்: "மச்சாளுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

ஒரு கிழமை தவணை கேட்டேன். மீன் குழம்பு உப்பில்லை. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

காத்தான்குடித் துணிக்கடைக் காக்கா பார்சல் அனுப்ப வந்தார். என்னைவிட மூத்த, பழைய முஸ்லிம் சிநேகிதர், என் பகிடிக்கு முகத்துக்கு நேரே கொட்டாவி விடுகிறவர். பூக்கட்டிய கதையைச் சொன்னேன், திருட்டை விட்டுவிட்டு.

"நல்லது தம்பி. அம்மாளக் கேட்டீங்க, பூசாரியக் கேட்டீங்க. அந்தப் புள்ளைக்கு என்ன விருப்பமெண்டு ஆராச்சும் கேட்டீங்களா?"

"கேட்டம் காக்கா. தெரியா எண்டு சொல்றாள்."

"உங்களுக்குச் சொல்ல விருப்பமில்லாட்டியும் தெரியா எண்டுதான் சொல்லும்."

பார்சல் நிறையைப் பிழையாகப் பதிந்துவிட்டேன். என்னிடம் சொல்லாமல் இந்த ஊரில் என்ன இருக்கிறது? தபாலட்டை எல்லாம் வாசிக்கிறேன் (இது ஊருக்குத் தெரியும், அதனால்தான் ஓரத்தில் எனக்கும் சுகம் விசாரித்து எழுதுகிறார்கள்). இந்தக் கவுண்டரைத் தாண்டாமல் இங்கே ஒரு கல்யாணமும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை.

தாதி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். போயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

தேவகிக்கு நியமனக் கடிதம் வந்தது. என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன், வாயெல்லாம் பல்லாக. அக்கா பிரித்து வாசிக்கச் சொன்னார். "நீர் கேட்டுக்கொண்டபடி" என்று தொடக்கம். கந்தோர்க் கடிதம் எல்லாம் அப்படித்தான் தொடங்கும், நானே ஆயிரம் எழுதியிருக்கிறேன். அடுத்த வரியில் பள்ளிக்கூடத்தின் பெயர்.

பின்வேலிப் பள்ளிக்கூடம் இல்லை. கரடியனாறு.

செங்கலடி தாண்டி, கடைசி ஆமிச் சென்றியும் தாண்டி, அங்கால, ஆமி போகாத இயக்கப் பக்கம். வெளிச்சம் இல்லை, பஸ் இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் ஷெல் போகும் பக்கம். நாலு வகுப்புக்கு ஒரு வாத்தியார் என்று கேள்வி.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு தானே எழும்பி, "அம்மாள் காட்டின வழி. அவ பார்த்துக்குவா" என்றார்.

அம்மாளா காட்டினாள்? கொழும்பு லொட்ஜுக்குப் பயந்தவன் பிள்ளையை ஷெல்லுக்குள் அனுப்புகிறேன்.

மார்ச் 18, புதன்

அக்காவிடம் சொல்லப் போனேன். வாசலிலேயே கோயில் பொங்கல் புக்கையைக் கையில் வைத்தார். "நீ சுத்தமாக் கட்டினபடியாத்தான் தம்பி, அம்மாள் வாய் திறந்தவ." புக்கையைத் தின்று முடித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நேர்த்தி வைத்தேன்: தேவகி சுகமாக முதல் லீவுக்கு வரும்வரை கவுண்டரில் பகிடி விடமாட்டேன். பத்து மணிக்குள் மூன்று பேர் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். ஒரு மனுசி வீட்டில் செத்தது யார் என்றாள். காக்கா மட்டும், "இப்பதான் தம்பி கொஞ்சம் சிரிப்பு வருகுது" என்றார்.

மார்ச் 21, சனி

இன்று தேவகியிடம் சொல்லிவிட்டேன். என் கட்டுரையைப் படி எடுத்துக்கொண்டிருந்தாள். மகேஸ் கதவடியில் காவல்.

"மனே தேவகி, ரெண்டு பொதியிலயும் வெள்ளதான் வச்சன்."

பேனை நிற்கவில்லை. "ம்."

"நான் செய்தது பெரிய பாவம். திங்கள் கல்விக் கந்தோருக்குப் போய்க் காலில விழுந்தாவது மாத்திக்கொண்டு வாறன்."

"ஒண்டும் மாத்தாதீங்க மாமா." அப்போதுதான் நிமிர்ந்தாள். "உங்களத்தானே நான் பொதி கட்டச் சொன்னன்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. என்னை நம்பித்தான் தந்ததாகச் சொல்கிறாள். இதைவிட ஒரு அறை தந்திருக்கலாம். கட்டுரையைப் பிறகு பார்த்தேன். நாலு வரி வெட்டியிருந்தாள். சரியான நாலு வரி.

மார்ச் 23, திங்கள்

தேவகியோடு செங்கலடிவரை பஸ். அங்கிருந்து சென்றிக்கு நடை. பையைக் கொட்டினார்கள். ரோர்ச்சுக்குள் இருந்த பற்றரியை எடுத்துவிட்டு ரோர்ச்சைத் திருப்பித் தந்தார்கள்; பற்றரி அங்கால போகக் கூடாது. கரும்பலகைக்குக் கொண்டுபோன வெண்கட்டிப் பெட்டியில் ஒன்றை முறித்து உள்ளே என்ன என்று பார்த்தான் ஒருவன். உள்ளேயும் வெண்கட்டி. நேர்த்தி இல்லாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன், அடியும் வாங்கியிருப்பேன்.

அங்காலப் பக்கம் நெல் ஏற்ற வந்த உழவு மெசின் நின்றது. தேவகி அதன் பின்பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாமா, எழுத்துத் தெளிவா எழுதிப் பழகுங்க. லீவில வரக்குள்ள பார்ப்பன்."

தூசி அடங்கும்வரை நின்றேன். சென்றிக்காரன் போகச் சொன்னான்.

பொழுதுபட மேற்கில் ஷெல் சத்தம். எட்டு எண்ணினேன். அக்கா படலையடியில் நின்றார், நான் இந்தப் பக்கம் நின்றேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மகேஸ் சோற்றைப் போட்டு, பிறகு தானே எடுத்து மூடினாள்.

மார்ச் 24, செவ்வாய்

புழுக்கம். காலையில் சென்றியடிப் பக்கமிருந்து வந்த பால்காரர் தகவல்: நேற்றைய ஷெல் எல்லாம் காட்டுப் பக்கம், ஊருக்குள் ஒன்றும் விழவில்லை. அக்கா தேங்காய் உடைத்தார்.

நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். பதிவுத் தபால் புத்தகத்தைச் சரிபார்த்தேன். இரண்டு இடத்தில் கூட்டல் பிழை. அவற்றைத் தேடும்போது வேறொன்று கண்ணில் பட்டது. பெப்ரவரி 23, திங்கள், அதாவது பூக்கட்டியதற்கு எட்டு நாள் முந்தி, மூன்றாவது வரி. பெறுநர்: கல்விக் கந்தோர், தொண்டர் ஆசிரியர் பிரிவு. அனுப்புநர்: செல்வி த. தேவகி. "நீர் கேட்டுக்கொண்டபடி." பாரமெடுத்துக் கையொப்பம் வைத்தவர்: நான்.