மூன்றாவது வரி

தம்பெரே, நவம்பர் 4

பெறுநர்: மில்யா, மே/பா ஹால்துனென், ஓவுலு

அன்புள்ள மில்யாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். போனை எடுப்பதில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை. அதனால்தான் தபால்.

நாம் எழுதிய ரின்னான் என்ற பாட்டு எக்ஸ்டென்ஷனை இப்போது பத்தொன்பதாயிரம் பேர் பிரவுசரில் வைத்திருக்கிறார்கள். நான் வாஸாவில் வேலைக்கிருந்த வருஷம், நீ இங்கே போடும் பாட்டு அதே நொடியில் எனக்கும் கேட்க வேண்டும் என்று தொடங்கியது அது. நீ போனபின் புதுப் பதிப்பு வேலை நகரவில்லை. பாட்டு இரண்டு பக்கமும் அரை நொடி விலகுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய டாங்கோ கேட்கிறாய். அழுகிறாயோ என்று தோன்றும். உன் காப்பிக் கோப்பையை நான் யாருக்கும் தரவில்லை. வா.

என்றும் உன்,
ஓஸ்கரி

ஓவுலு, நவம்பர் 11

ஓஸ்கரி,

இந்த முகவரி அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளிடம் கேட்டேன். "சத்தியமா நான் சொல்லலடி. அவன் கேக்கவே இல்ல" என்றாள். நீ கேட்காததுதான் என்னைப் பயமுறுத்தியது.

ரின்னானில் உன்னோடிருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டேன், அது போதும் என்று நினைத்தேன். நேற்று அதன் நிரலைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியது மூன்று வரி: பக்கத்து சர்வரைத் தேட, கேட்பவர் இருக்கும் இடத்தைக் கேள், பாட்டை இணை, இடத்தை அழி. மூன்றாவது வரி இல்லை. மார்ச்சிலேயே எடுத்திருக்கிறாய். நான் உன்னை விட்டுப் போனது ஏப்ரலில்.

போலீஸுக்குப் போனேன். "பாட்டுக் கேட்டதுக்கா புகார்? அவர் உங்கள அடிச்சாரா?" என்றார் அங்கிருந்தவர். அடி வாங்கியவளுக்குத்தான் படிவம் இருக்கிறது போல. தொடர்பு வேண்டாம் என்று முதலில் நான் உனக்கு எழுத்தில் சொல்ல வேண்டுமாம். இதோ சொல்லிவிட்டேன். சேர்த்து வைத்த எல்லா இடங்களையும் அழி. என்னுடையதை மட்டுமல்ல, எல்லாருடையதையும்.

மில்யா

தம்பெரே, நவம்பர் 17

என் மில்யா,

போலீஸா? நமக்குள்ளா? எனக்கு வலிக்கிறது, ஆனால் கோபமில்லை.

மற்றவர்களின் பட்டியலை நான் திறப்பதே இல்லை. உன்னுடையதை மட்டும் பார்ப்பேன். அழித்துவிட்டால் நீ பத்திரமாக வீடு சேர்ந்தாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ எந்தக் கட்டடத்தில் இருக்கிறாய் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை, சத்தியம்.

பத்தாம் தேதியிலிருந்து வரைபடத்தில் உன் புள்ளி இல்லை. ரின்னானை நீக்கிவிட்டாய். எனக்குத் தூக்கம் வருவதில்லை. திரும்பப் போட்டுக்கொள். ஒரே ஒரு பாட்டு கேள், போதும்.

உன்னையே நினைத்திருக்கும்,
ஓஸ்கரி

நவம்பர் 25

ஓஸ்கரி,

கட்டடம் மட்டும்தான் தெரிந்தது என்கிறாய். ரின்னானால் அவ்வளவுதான் காட்ட முடியும். கதவில் தபால் போடும் துளைக்கு மேலே இருக்கும் பெயரை அது காட்டாது. உனக்குப் பயந்து என் பெயரை நான் எங்கும் ஒட்டவில்லை. அங்கே இருப்பது வீட்டுக்காரியின் பெயர், ஹால்துனென். அதை உன் முதல் உறையில் எழுதியிருந்தாய்.

மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாய். என் கதவின் முன் நின்று படித்திருக்கிறாய். அப்போது நான் உள்ளே இருந்தேனா, பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்கமாட்டேன். அந்தப் பதில் எனக்கு வேண்டாம்.

இரண்டு உறையும் இப்போது போலீஸில் இருக்கின்றன.

பதிப்பை வெளியிடும் சாவி இருவரிடமும் இருப்பதை மறந்துவிட்டாய். நேற்று ரின்னானின் கடைசிப் பதிப்பை ஏற்றினேன். அது பாட்டுப் பாடாது, இடம் கேட்காது. ஒரே அறிவிப்புதான்: "நீங்கள் பாட்டுக் கேட்ட இடங்களை இது சேர்த்து வைத்திருக்கிறது. நீக்கிவிடுங்கள்." கீழே நம் இருவரின் முழுப் பெயர். மிச்சமிருக்கும் இரண்டு வரியையும் எழுதியவள் நான், ஒளிந்துகொள்ள மாட்டேன்.

ஒரு மணி நேரத்தில் ஒரு அம்மா எழுதிக் கேட்டாள்: "அப்ப எம் பொண்ணு எங்க இருக்கான்னும் உங்களுக்குத் தெரியுமா?" அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

உறையில் அனுப்புநர் முகவரி இல்லை. இதைத் தபாலில் போடும் ஊரில் நான் ரயில் மாறுகிறேன், அவ்வளவுதான். ரயிலில் எனக்கு எதிரே ஒருத்தி லேப்டாப்பைத் திறந்து பாட்டுக் கேட்க ஆரம்பித்தாள். எழுந்து வேறு பெட்டிக்கு வந்துவிட்டேன்.

மில்யா