அலமாரிக்குள் தோற்ற கம்ப்யூட்டர்

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. நேற்று மாதிரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகாதே.

பதினொரு மணிக்குத் தச்சர் வருவார். உன் கம்ப்யூட்டர் இருக்கிற அலமாரியின் கதவைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேள்.

நேற்று உன் நண்பன் முன்னால், நான் வரைந்த வீட்டுப் படத்தை, நிஜ வீடு மாதிரி மாற்றிக் காட்ட, இரண்டு கம்ப்யூட்டரிலும் ரெண்டருக்குப் போட்டோம் இல்லையா? என் பழைய பிராசஸர் பதினொரு நிமிஷத்தில் முடித்தது. நீ ஆசை ஆசையாக வாங்கிய புதுசு பத்தொன்பது நிமிஷம் இழுத்தது. "நல்லா ஏமாந்துட்டடா" என்று நான் வேறு சிரித்துத் தொலைத்தேன்.

இன்று காலை நீ நடக்கப் போனபோது, அலமாரிக்குள் ஓடிக்கொண்டிருந்த உன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டேன். கை சுட்டுவிட்டது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அலமாரியைத் திறந்து வைத்து, ஆறவிட்டு, அதே படத்தை மறுபடியும் போட்டேன். எட்டே நிமிஷம்!

"ஃபேன் சத்தத்துல போன் பேச முடியலடா, எங்கேயாவது உள்ள வச்சு மூடு" என்று கத்தியவளே நான்தான். உனக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுத்தக்காரன்!

சாவி வழக்கமான இடத்தில்.

அக்கா

பி.கு.: தோற்றது என்னுடையதுதான் என்று உன் நண்பனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. "கதவு இருக்கட்டும்" என்று தச்சரைத் திருப்பி அனுப்பிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். போன் வந்தால் நான் பால்கனிக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.